கொச்சி

கழுத்தில் ஆரம் இன்னும் விழவில்லை,
அதற்குள் வீடே கொச்சியின்ர.

ரிமோட்டில் ஐந்தாம் பொத்தான் இல்லை.
கொக்குவில் ரீச்சர் தைக்கத் தந்த சட்டையில்
மேலிருந்து மூன்று.
நேற்று என் காதுமடல்.

"கத்தாதையுங்கோ, சத்தம் அவனுக்குக் கைதட்டல்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு இருங்கோ"
என்றார் திருநெல்வேலி மிருக வைத்தியர்,
தன் விரலுக்குப் பிளாஸ்ரர் ஒட்டியபடி.

திருப்பினேன்.
சுவரில் கலண்டர். வெள்ளிக்கிழமை. தேய்பிறை.
பின்னால் நகங்கள் மேசையில் நடக்கின்றன,
நிற்கின்றன,
ஊசிப்பெட்டி கவிழ்கிறது.
திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு என்ர குரலில், என்ர அதே எரிச்சலில்
தன்னைத்தானே ஏசுகிறான்:
"கொச்சி! கடியாதை! என்ன பிள்ளையடா நீ!"

பல்லைக் கடித்துக்கொண்டு
தேய்பிறையையே பார்க்கிறேன்.
தோள் குலுங்குவது
அவனுக்குத் தெரியக்கூடாது.