கச்சான் காலம்

இரவு இரண்டேகால்.
எனக்குள் கச்சான் எழும்புகிறது.
வெளியே இலை அசையவில்லை,
கடலில் ஓர் அசுமாத்தமும் இல்லை,
நான் மட்டும் அறுத்த வயல்போலக் காய்கிறேன்.

மூன்று மாதத்துக்கொருமுறை வயிற்றில் ஊசி.
கட்டிக்குப் போகிற ஊற்றை அது அடைக்குமாம்.
அடைபட்ட ஊற்று உடம்பெல்லாம் ஆவியாகும் என்று
டொக்டர் சொன்னபோது
நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யோகமலர்தான் கேட்டு வைத்திருந்தாள்.

எழும்பி ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு
போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.
எனக்குச் சித்திரை, அவளுக்கு மார்கழி,
ஒரே கட்டில்.
“இனிக் கன்னியாவுக்குப் போகத் தேவையில்லை,
ஏழு கிணறும் இஞ்சதான்” என்கிறாள்.
கலியாணமாகி முப்பத்தொன்பது வருஷம்.
இருட்டுக்குள் இப்படிச் சிரிக்கப் பழகினது
இந்த வருஷம்தான்.

துறைமுகத்தில் என் வேலை
கடலின் உயரம் எழுதுவது.
காலை ஆறுக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, மாலை ஒன்று.
ஒருநாள் கடல் வந்து
அளவுகோலையே விழுங்கிப் போனது.
அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது.
அதற்கடுத்த பக்கத்தில் கோடு கீறி
மறுபடி எழுதினேன்.

அதே மாதிரிக் கொப்பி ஒன்றில் இப்போது
என் இரத்தத்தின் கணக்கு.
நாற்பத்தொன்று.
பதினொன்று.
இரண்டு தசம் மூன்று.
பூச்சியம் தசம் நாலு.
‘வற்று’ என்று பக்கத்தில் எழுதப் பேனா துடிக்கிறது.
எழுதவில்லை.
இலக்கத்தை மட்டும் எழுது, அபிப்பிராயம் எழுதாதே,
உத்தியோகத்தில் முதலாவதாகப் படித்தது அதைத்தான்.

கதிர் பிடிக்கப் போன ஏழு கிழமையும்
திங்கள் விடிய மட்டக்களப்பு பஸ்.
கிண்ணியாவில் ஜவாத் ஏறுவார்,
சேருவிலைச் சந்தியில் திலகசிறி.
மூத்திரப்பை நிரம்பியிருந்தால்தான் மெஷினுக்குள் விடுவார்கள்.
அரை லீற்றர் குடித்துவிட்டு வாங்கில் மூன்று பேர்
கால்மேல் கால் போட்டு,
பரீட்சை மண்டபத்துப் பிள்ளைகள்போல.
“வெருகல் ஆத்தையே குடிச்ச மாதிரிக் கிடக்கு” என்பார் ஜவாத்.
“கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு”
தனக்குத் தெரிந்த தமிழில்
தன் அடிவயிற்றிடம் கெஞ்சுவான் திலகசிறி.

ஒரு திங்கள் அவன் ஏறவில்லை.
செவ்வாயும் இல்லை.
அவனுடைய இடத்தில் ஜவாத் தண்ணீர்ப் போத்தலை வைத்திருந்தார்,
நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.
புதன்கிழமை வந்து நின்றான்.
வெள்ளாமை வெட்டாம்.
மிஸ் நல்லா ஏசினா.
தலையைக் குனிந்து சிரித்தான்,
சட்டைப்பையில் இரண்டு நெல்மணி.

இடுப்புக்குள்ளே ஒரு தசை இருக்கிறது,
அறுபத்தாறு வயதில்தான் அறிமுகமானோம்.
இறுக்கு, பத்து எண்ணு, விடு.
வங்கி வரிசையில் நின்று செய்கிறேன்,
கோயில் பூசையில் கண்மூடிச் செய்கிறேன்.
பக்கத்தில் நிற்பவர் என் பக்தியை மெச்சுகிறார்.

பின்னேரங்களில் டச்சுக்குடா.
முதல் கிழமை இரண்டு விளக்குக் கம்பம்.
கால் ஈயம், மூச்சு நூல்.
பிறகு நாலு. பிறகு கோட்டை வாசல்.
சில நாள் திரும்பவும் இரண்டே இரண்டு,
அதையும் கொப்பியில் எழுதுகிறேன்.
நேற்று மான் ஒன்று
பஸ் நிலையத்தடியில் லொத்தர் சீட்டை மென்றுகொண்டிருந்தது.
விழுந்திருந்தால் அதன் பாடு.

இன்று செருப்பைக் கழற்றி
தண்ணீருக்குள் இறங்கினேன்.
முழங்கால். இடுப்பு.
ஊசிபோட்ட இடத்தில் அலை தொட்டது,
கொஞ்சம் யோசித்து
கழுத்துவரை போனேன்.
மெலிந்த கையால் ஏழு வீச்சு.
எட்டாவதில் நின்று மூச்சு வாங்கினேன்,
கடல் அவசரப்படவில்லை.

அடுத்த ஊசி ஆவணி பதினாலு.
அதற்குள் சைக்கிளுக்கு ரியூப் மாற்ற வேண்டும்,
திலகசிறியின் புது அரிசிக்கு
ஜவாத்தும் நானும் போக வேண்டும்.

ஈரத் துவாயோடு வரும் வழியில்
வண்டிலடியில் கச்சான் வாங்கினேன்.
“பார்த்துப் பிடியுங்கோ ஐயா, உள்ளுக்குள்ள சரியான சூடு.”
தெரியும் தம்பி,
தா.