எத்தனை

மோர்வான்ட் மலைச்சரிவில் ஒரு வீடு.
விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம்.
சலவை இயந்திரத்துக்குள்
ஒரு பள்ளிச் சீருடைக்கும் இரண்டு தலையணை உறைகளுக்கும் நடுவே
ரொட்டிப் பையில் சுற்றிய கைத்துப்பாக்கி.
தோட்டாக்கள் நான்கு.
கூரைக்குக் கீழே ஆட்கள் ஐந்து.
ஐந்து பேர் மேலும் வழக்கு.

நான் சட்ட உதவி வழக்கறிஞர்.
அந்த வாரம் என் கையில் பதினேழு கோப்புகள்,
இது பதினெட்டாவது.

போர்ட் ஆஃப் ஸ்பெயின் லாக்கப்பில்
எல்லோருக்கும் சொல்வதையே அவர்களுக்கும் சொன்னேன்:
வைத்திருந்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும்.
பார்க்க ஒரே சொல், பிரித்தால் இரண்டு.
வைத்தல் வேறு, இருத்தல் வேறு.
வீட்டில் இருந்ததாலேயே
நீங்கள் வைத்ததாக ஆகிவிடாது.
அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்,
அது உங்கள் பிடிக்குள்ளும் இருந்திருக்க வேண்டும்.
இரண்டில் ஒன்று குறைந்தாலும் கதவு திறக்கும்.

எப்போது, என்றாள் எர்மின்.

விசாரணை வரும்போது.

அது எப்போது?

மூன்று வருடம் ஆகலாம்.
ஐந்தும் ஆகியிருக்கிறது.

அவள் மகள் ஷனீலுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று வாரம்.
பன்னிரண்டு நாளில் தேர்வு.
எர்மினின் அக்கா இன்சுலின் கேட்டுக்கொண்டே இருந்தாள்.
மகன் கீயோன் தரையைப் பார்த்தான்.
தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.
அப்படியும் ஒன்பது நாள் பார்த்தான்.

ஐந்தாவது ஆள் செலெஸ்டின்.
துறைமுகத்தில் இரவுக் காவல், பின்னறையில் வாசம்.
எர்மினுக்கு அவர் என்ன உறவு என்று
என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
வாடகைக்காரர், என்றாள்.
அவரும் ஆமாம் என்று தலையசைத்தார்,
கொஞ்சம் தாமதமாக.

ஒன்பதாம் நாள் என்னைத் தனியே கூப்பிட்டு
அது என்னுடையது, என்றார்.

எத்தனை தோட்டா?

ஆறு.

குற்றப்பத்திரிகையை அவர் படித்திருக்கவில்லை.
கைது செய்த இரவே கண்ணாடி மிதிபட்டுப் போனது.
நான் பேனாவை மூடினேன்.
கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன்.

இத்தனை வருடம் நான் விற்ற சரக்கு ஒன்றே ஒன்று:
தெரியாது.
தெரிந்தே தெரியாது என்றவர்களுக்கு வாதாடியிருக்கிறேன்.
உண்மையிலேயே தெரியாமல் உள்ளே போனவர்களின் அம்மாக்களுக்கு
லிஃப்ட் வரை துணைபோயிருக்கிறேன்.
தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்ல வந்த மனிதரை
அன்றுதான் பார்த்தேன்.

நீதிமன்றத்தில் ஏழு நிமிடம் ஆனது.
எத்தனை தோட்டா என்று யாரும் கேட்கவில்லை.
ஒப்புக்கொள்கிறவனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை.
ஆறு ஆண்டு என்றார் நீதிபதி.
சிரமம் தராமல் ஒப்புக்கொண்டதற்கு
மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.
உள்ளே கழிந்த ஒன்பது நாளும் கழிவு.
மற்ற நால்வர் மீதான வழக்கை அரசு கைவிட்டது.

கூண்டிலிருந்து இறங்கும்போது திரும்பி
எத்தனை, என்றார்.
நான்கு, என்றேன்.
எதைக் கேட்டார் என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

மாக்ஸி டாக்ஸி பிடித்து நான்கு பேர் வீடு போனார்கள்.
போலீஸ் கிளறித் திரும்பத் திணித்த துணிகள்
ஈரத்தோடே புளித்துக் கிடந்தனவாம்.
எர்மின் சீருடையை இரண்டு தடவை துவைத்தாள்.
மூன்றாம் தடவை
பின்னறையிலிருந்து ஒரு காக்கிச் சட்டையையும் எடுத்துவந்து
சேர்த்துப் போட்டாள்.
தேர்வு முடிந்த பிறகு ஷனீல் சொன்னது இது.

நேற்று கீயோன் அலுவலகத்துக்கு வந்தான்.
இப்போதும் தரையைத்தான் பார்க்கிறான்.
ஒருவர் ஒப்புக்கொண்டு முடிந்த ஒன்றை
இன்னொருவரும் ஒப்புக்கொள்ளலாமா, என்று கேட்டான்.

மேஜையில் இருபத்தி மூன்று கோப்புகள்.
கதவைச் சாத்து, என்றேன்.
உட்கார்.
எத்தனை தோட்டா?