வெறுங்கட்டம்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, மூணாவது மாடி.
கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாரு ஆபீசரு.
ஆவுடையப்பன், முக்கூடல், ஓ பாசிட்டிவ்.
இதயம் டிக். ஈரல், கிட்னி, தோலுகூட டிக்.
கண்ணு மட்டும் வெறுங்கட்டம்.

ஏன்னு தெரியுமாம்மா?

தெரியும்.
சோடாப்புட்டிக் கண்ணாடி.
பாபநாசம் பஸ்ஸா கடையம் பஸ்ஸான்னு
என்னைக் கேட்டுத்தான் ஏறுவாக.
இத எவம்ல வாங்குவான்னு
தனக்குள்ள சிரிச்சுட்டு
அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பாக.

பவர் இருந்தாலும் கருவிழி ஆகும்மா.

அவுக பதிஞ்சதுல இனி கை வைக்க முடியாதாம்.
எனக்குத் தனித்தாள்.
உறவு: மனைவி.
உலகம்மாள்னு எழுதுறதுக்குள்ள
பேனா ரெண்டு தடவை நின்னுபோச்சு.

மடியில கண்ணாடி இருந்துச்சு, ஒரு காது ஒடிஞ்சு.
இதையும் எடுத்துக்கிடுவீங்களான்னு கேட்டேன்.
அதுக்குக் கட்டம் இல்லையாம்.