ஆற்றில் போட்ட கணக்கு

கில்டோரன் ரக்பி கிளப்பின் மைதானம்
கிழக்கே சாய்ந்தது.
சாய்வு முடியும் இடத்தில் டூவின் ஆறு.
எங்கள் வரலாற்றுக்கு இது போதும்.

கோப்பை அலமாரியின் சாவி தொலைந்து நாளாகிறது,
உள்ளே அதிகமில்லை, பரவாயில்லை.
பொருளாளர் என்ற முறையில்
என் பொறுப்பில் இருப்பவை பேரேடுகள்.
ஈரம் குடித்து உப்பியவை,
எலி ஓரம் பார்த்தவை.

முதல் பக்கம், 1886 அக்டோபர்:
படகுக்காரர் கார்னீலியஸ் டூஹிக்கு
ஆற்றிலிருந்து பந்து எடுத்துத் தந்த வகையில்
மூன்று பென்னி.
அடுத்த வரி, மறுபடி மூன்று பென்னி.
அடுத்த வரி, மறுபடி.
யாரோடு ஆடினோம், வென்றோமா,
ஒரு சொல் இல்லை.
ஆற்றில் போட்டாலும்
அளந்துதான் போட்டிருக்கிறார்கள்.

1898இல் டூஹி கூலி உயர்வு கேட்டார்.
நீர் குடித்த தோல்பந்து
கன்றுக்குட்டி கனம் என்றார்.
செயற்குழு நான்கு மணி நேரம் கூடிப் பேசி
இனி எல்லோரும் மேற்கு நோக்கியே உதைப்பது
என்று தீர்மானம் போட்டது.
அதன் நகல் எதிரணிக்குப் போனதாகத் தெரியவில்லை.

1914 செப்டம்பரோடு வரிகள் நிற்கின்றன.
பிறகு நான்கு தாள்,
தலையில் ஆண்டு மட்டும் எழுதி
கீழே கோடு போட்டுக் காத்திருக்கும் வெள்ளை.

ஸ்க்ரம்மின் முன்வரிசை மூவரில்
திரும்பியது இக்னேஷியஸ் கேஷின் ஒருவர்,
வலக்கை இல்லாமல்.
அடுத்த இருபது ஆண்டு அவரே பொருளாளர்.
இடக்கைக்குப் புதிதான எழுத்து
மைதானம் போலவே சாய்கிறது.

அவர் எழுதியது, 1922 ஜூலை:
"படகு ஓர் இரவு இரவல் போனது.
கேட்டவர் பெயர் குறிக்கப்படவில்லை.
கழுவ சோடா, இரண்டு பென்னி."
அந்த வரிக்கு மேல்
இந்த ஊரில் இன்றும் யாரும் கேட்பதில்லை.

ஐம்பதுகளில் அணிப் பட்டியலில்
'ஒருவர்' என்று ஒருவர்.
ஞாயிறு ஹர்லிங் ஆடுகிறவர்
சனிக்கிழமை எங்களோடு ஆடியது தெரிந்தால்
அந்தப் பக்கம் விலக்கிவிடுவார்கள்.
"ஒருவர் இரண்டு ட்ரை வைத்தார்,
ஒருவருக்கு முழங்கால் பிசகியது"
என்று உள்ளூர்ப் பத்திரிகையும் ஒத்துழைத்தது.
அவர் யாரென்று அறியாதவர்
ஊரில் ஒருவரும் இல்லை, பாதிரியார் உட்பட.
1983இல் அவருடைய சவப்பெட்டிமேல்
எங்கள் மலர்வளையம், அட்டையில்:
ஒருவருக்கு.

1969இல் கிழக்கே உயர வலை கட்டினோம்.
படகு விற்ற வரவு ஆறு பவுண்டு.
படகுக்காரர் வகை, முற்றிற்று.

போன மாதம்வரை.

பெண்கள் அணி, கடைசி நிமிடம், பெனால்டி.
டிம்ப்னா லூபி, மாட்டு வைத்தியர்.
காலையில்தான் ஒரு கன்றை
வயிற்றிலிருந்து இழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.
உதைத்த பந்து
கம்பங்களுக்கு மேல், வலைக்கு மேல்,
போய்க்கொண்டே இருந்தது.
சத்தம் கேட்டது, தண்ணீர்ச் சத்தம்.
ஆட்டத்தை விட்டுவிட்டு
இரண்டு அணியும் ஆற்றைப் பார்த்தன.
டிம்ப்னா பூட்ஸைக் கழற்றி நடுவர் கையில் கொடுத்தாள்.
இடுப்பளவுக்கு இறங்கினாள்.

திங்கட்கிழமை நான் எழுதினேன்:
டிம்ப்னா லூபிக்கு
ஆற்றிலிருந்து பந்து எடுத்துத் தந்த வகையில்.
பழைய மூன்று பென்னிக்கு
இப்போது எத்தனை சென்ட் என்று
வங்கியில் கேட்டேன், சிரித்தார்கள்.
தொகைக் கட்டம் காலியாகவே இருக்கிறது.
தணிக்கையாளர் பக்கத்தில் பென்சிலால்
ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறார்.