ஏதுப்போலி

ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் பெர்மிட்.
ஷார்ஜா எல்லையில், நெடுஞ்சாலை ஓரம்,
இருபது மீட்டர் உயரத்தில்
ஒரு காரைக் கிழித்து இறக்கிவிட்டு
இன்னொரு காரை ஏற்றுகிறோம்.
ஆறு துண்டாக வரும். முதலில் டயர்.
கடைசித் துண்டில் ஓட்டுகிறவன்,
கையில் ராஜாளி.

மேல் கயிற்றை இறுக்கியபடி ஸ்தனிஸ்லாஸ் கேட்டான்:
"விக்கிறது காரு. பறவை எதுக்கு?"
குருமடத்தில் மூன்று வருஷம் தர்க்கம் படித்து
நான்காம் வருஷம் விசா எடுத்தவன்.
வீரன் ராஜாளி வளர்க்கிறான்.
வீரன் இந்தக் காரை ஓட்டுகிறான்.
ஆகவே, ஓட்டுகிறவனெல்லாம் வீரன்.
"ஏதுப்போலி" என்றான்,
துப்ப இடமில்லாமல் விழுங்கிக்கொண்டு.

போன மாதம் ஏற்றியது வேறு:
ஊரே வாங்கிவிட்டது, நீங்கள்?
அதற்கும் ஏதோ பேர் சொன்னான்.
அதற்கு முந்தியதில்
பின்சீட்டில் ஒரு குழந்தை தூங்கிற்று. கீழே ஒரே வரி:
குடும்பத்தை நேசிப்பவர்களுக்கு.
வாங்காதவன் நேசிக்காதவனா என்று
அன்றைக்கு அவன் கேட்கவில்லை.
மகள் பிறந்து எட்டு மாதம், இன்னும் பார்க்கவில்லை.
போல்ட்டை மட்டும்
தேவைக்கு மேல் முறுக்கினான்.

கிரேன் ஓட்டும் குல் ஜமானுக்கு எங்கள் பேச்சு புரியாது.
அவன் பீடிப் புகை எங்களிடம் ஏறி வரும்.
"புகை இருக்கு, அதனால நெருப்பு இருக்கு.
இதுல தப்பு சொல்ல முடியாது" என்பான் ஸ்தனிஸ்லாஸ்.
லைசென்ஸ் டெஸ்டில் ஐந்து தடவை தோற்றவன்.
அஞ்சு போச்சு, அப்போ ஆறாவது கட்டாயம் கிடைக்கும்
என்பவனும் அவன்தான்.
சிரித்தேன். ஏன் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

விடிகாலை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு
ரோட்டுக்கு இந்தப் பக்கம், நன்றாகத் தள்ளி நின்று
ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.
கம்பத்தை வெட்டினேன். விளிம்பை வெட்டினேன்.
மிச்சம் நான், மணல்மேடு, கார்.
பொய் எதுவும் எழுதவில்லை.
டியூட்டி முடிந்தது என்று மட்டும் போட்டேன்.

மத்தியானத்துக்குள் பரமக்குடியில் முடிவாகிவிட்டது.
மச்சான் இரண்டு லட்சம் கேட்கிறான்.
கார் வாங்குறவருக்கு இதெல்லாம் ஒரு காசா, அத்தான்?

இதற்கு என்ன பேர் என்று
சாயங்காலம் பஸ்ஸில் கேட்க நினைத்தேன்.
ஸ்தனிஸ்லாஸுக்கு நாளைக்கு ஆறாவது டெஸ்ட்.
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு சிக்னலுக்கும்
இல்லாத பிரேக்கை
மிதித்துக்கொண்டே வந்தான்.