எண்ணிக்கை

விய்யூர் சிறையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு
அவனுடையதை அவனிடமே கொடுத்தார்களாம்:
நின்றுபோன வாட்ச், ஒரு சாவி,
செல்லாத ஐந்நூறு ரூபாய்த் தாள் இரண்டு.
சாவிக்குரிய வீட்டைத் தம்பி எப்போதோ விற்றிருந்தான்.

வேலந்தாவளம் மார்க்கெட்டில்
யாரும் கிட்டுச்சாமிக்கு வேலை தரவில்லை.
நானும்தான்.
"ஆள் இருக்குது" என்றேன். பொய்.
மூன்றாம் நாள் மழை, வாசலில் புடலங்காய் லோடு,
இறக்க ஒருத்தரும் வரவில்லை.
அப்படித்தான் தொடங்கியது.
தர்மம் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும்.

வாய்க்கால் தகராறு, ராத்திரி, மண்வெட்டி.
பதினொரு வருஷம்.
அவ்வளவுதான் சொன்னான். அவ்வளவுதான் கேட்டேன்.

ஒண்ணுக்குப் போகவும் என்னிடம் வந்து நிற்பான்.
"போ சாமி, இதுக்கெல்லாமா கேப்பே?"
மறுநாளும் வந்து நிற்பான்.
மாதம் ஒருமுறை கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனில் ஒப்பிட வேண்டும்.
பஸ்ஸுக்குக் காசு கேட்கக் கூசி
விடியுமுன் நடந்தே போயிருக்கிறான்.
தெரிந்த அன்றே வங்கிக்குக் கூட்டிப்போனேன்.
முகவரி கேட்டார்கள்.
கடை எண் பதினேழு, பின்பக்கக் குடோன் என்றேன்.
அந்தப் பெண் பேனாவைப் பாதியில் நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.
"எழுதிக்கோ, மோளே."

குடோன் சாவியை அவனிடம் கொடுத்த இரவு
எனக்குத் தூக்கமில்லை.
நாலு மணிக்கே போய்ப் பெட்டிகளை எண்ணினேன்.
தக்காளி நாற்பத்தொன்று, பாகல் பதினெட்டு…
திரும்பினால்
சாக்குப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.
நாக்கு ஒட்டிக்கொண்டது எனக்கு.

"எண்ணுங்கக்கா.
காலைல ஒருக்கா, அடைக்கறப்ப ஒருக்கா,
என்னை எண்ணாத நாளே கெடையாது.
இங்க வந்து யாரும் எண்ணாமத்தான்
தூக்கம் வரமாட்டேங்குது."
சொல்லிவிட்டு, நான் விட்ட இடத்திலிருந்து
அவனே எண்ணத் தொடங்கினான்.
பாகல் பத்தொன்பது.
ஒன்றைத் தவறவிட்டது நான்தான்.

போன வெள்ளிக்கிழமை
செத்தவனுடைய அக்கா வெங்காய மூட்டையோடு வந்தாள்.
இறக்கக் கை நீட்டியவன்
முகத்தைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டு
குடோனுக்குள் போய்விட்டான்.
மூட்டை ஆட்டோவிலேயே கிடந்தது.
அவளும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்தோம்.
எடை போட்டேன். பணம் எண்ணிக் கொடுத்தேன்.
முந்தானையில் முடிந்துகொண்டே
குடோன் வாசலைப் பார்த்து
"சோறு திங்கறானா?" என்றாள்.

கோபமா, வேறெதுவுமா,
அந்தக் குரலில் இருந்தது எனக்குப் பிடிபடவில்லை.
"திங்கறான்" என்றேன்.
ஆட்டோ கிளம்பிப் போனது.
உள்ளே அவன் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான்,
காலிப் பெட்டிகளாகத்தான் இருக்கும்.