இணைப்பு இரண்டு

கோடு நேராகத்தான் இருந்தது.
ஆவணி வெயிலில்
விளாவடி ஒழுங்கை பொடிமண்ணாய்க் கிடக்கையில்
நான்தான் அளந்தேன்.
வீதியிலிருந்து வாவி வரைக்கும் ஒரே இழுவை,
நூற்றுநாற்பது மீற்றர் வடிகான்.
ஆரையம்பதிக் கந்தோரில் தவிசாளர் பார்த்து
"வடிவாயிருக்கு தம்பி" என்றார்.

கூட்டம் பாலர் பாடசாலையில்.
முழங்கால் உயரக் கதிரைகளில் பெரிய ஆட்கள்.
படத்தை விரித்ததும் யோகநாயகி கேட்டா:
"இதில தண்ணி எந்தப் பக்கத்தால ஏறும்?"

ஏறும் என்றுதான் கேட்டா.
ஒருவரும் சிரிக்கவில்லை.

சபையின் அளவுநாடாவை வாங்கிக்கொண்டு
அவர்களே இறங்கிப் போனார்கள்,
பின்னால் நான்.
போன மாரி எவ்வளவு நின்றதென்று
வீடுகளில் எழுதிக் கிடந்தது.
புவனசிங்கத்தின் சுவரில் கரிக்கோடு.
சித்தி நயீமாவின் பிரிஜ்ஜில் துரு தின்ற விளிம்பு.
கலியாணத்துக்குப் பெயின்ற் அடித்த வீட்டில் மட்டும்
ஒன்றுமில்லை.
புதுப்பெண்ணே வந்து இடுப்பில் கைவைத்து
"இந்தா, இஞ்ச மட்டும்" என்றாள்.
செருப்பைக் கழற்றச் சொல்லி அளந்தோம்.

வாவிக் கரையில் ஓரடி.
பாலர் பாடசாலை மூலையில் மூன்றேகால்.
நான் வெள்ளத்தை மேட்டுக்கு
அனுப்பியிருக்கிறேன்.

மூலையிலிருந்து வளவுகளின் பின்னால் வளைந்து
ஆதம்பாவாவின் விறகுகாலைக்குள்ளால் போனால்தான் வடியும்.
மதிலில் இரண்டடி உடைக்கவேண்டும்.
அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.
"உடைங்க.
திருப்பிக் கட்டுற கல்லுச் சபை தரோணும்.
வாயால வேணாம், எழுதுங்க."
எழுதினேன்.

சபையில் பகல் சாப்பாடு வரை சண்டை.
மதிப்பீடு இரண்டு லட்சத்தால் கூடிவிட்டது.
"சனம் கீறின கோட்டுக்கு ஆர் பொறுப்பு?"
என்றார் ஒரு உறுப்பினர்.
"நான் கீறினதுக்கு ஆர் சேர்?"
என் வாய் முந்திவிட்டது.
இரண்டு தரம் ஒத்திவைத்து,
மூன்றாம் அமர்வில் ஒரு வாக்கால் தப்பியது.

படிவத்தில் 'வரைந்தவர்' என்றொரு கட்டம்,
ஒரு பெயர் மட்டும் கொள்ளும்.
என் பெயரைச் சுருக்கி எழுதிப் பக்கத்தில்
'இணைப்பு இரண்டைப் பார்க்கவும்' என்று போட்டேன்.

இணைப்பு இரண்டு
பிள்ளைகளின் பிரிஸ்டல் போர்ட் தாள்.
பதினேழு வீடு, பதினேழு உயரம்,
ஆறேழு கையெழுத்து.
மூலையில் யாரோ ஒரு வாண்டு கீறிய தாரா,
காலில்லாமல், நீந்துகிற பாவனையில்.
கணக்காளர் அழிக்கச் சொன்னார்.
அழிக்கவில்லை.

கார்த்திகை பிறக்கப் பதினொரு நாள்.
கான் பாதி வெட்டியாச்சு, ஊராட்களே வெட்டினது.
சீமெந்து இன்னும் வரவில்லை.
இன்று காலையும் யோகநாயகியின் கோல்:
"வானம் கறுக்குது தம்பி.
எங்க நிக்கிறீங்க?"